மூன்று வட்டிக் கடனும் சம்பளச் சீட்டில் இருந்த 105 ரூபாயும்

வாசகி கேட்கிறார்:

"வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் 14,000. கணவருக்கு 47 வயது. சொந்தமாகக் குட்டியானை வைத்து லோடு ஓட்டுகிறார். வண்டிக்கு இன்னும் 14 தவணை பாக்கி. மகள் காலேஜ் முதல் வருடம்.

சென்ற மாதம் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்று சொல்லி உடனே ஆஞ்சியோ செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து நாள் இருந்தோம். பில் 3,40,000. எங்களுக்கு 3 லட்சத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். அவர்கள் கொடுத்தது 1,69,000 மட்டும். காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்றவர்கள், இன்சூரன்ஸ் பதில் வரவில்லை என்று இரவு எட்டு வரை உட்கார வைத்தார்கள். மீதி 1,71,000-க்கு, தெரிந்த ஒருவரிடம் மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினோம், மிச்சத்தை ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினோம். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் ஐந்து பவுனைத் தொடவில்லை.

இன்னொரு அடைப்பு இருக்கிறது, ஆறு வாரத்துக்குள் அதற்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒன்றரை லட்சம் ஆகுமாம். ஊரில் இருக்கும் மூன்று சென்ட் இடத்தை விற்றுவிடு என்கிறார் அண்ணன். பிஎஃப் பணத்தை எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். மாதம் மாத்திரைக்கே 2,900 ஆகிறது. செலவைப் பார்த்து அவர் விலை அதிகமான மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார், எனக்குத் தெரியாமல். அன்று இரவு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் இந்தக் கடனே வந்திருக்காதோ என்று தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு பில், இன்சூரன்ஸ் கம்பெனியின் செட்டில்மென்ட் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சீட்டு எல்லாவற்றின் நகலையும் வைத்திருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். முக்கால்வாசிப் பேர் "நிறையச் செலவாகிவிட்டது" என்று மட்டும் எழுதுவார்கள், அதை வைத்துக்கொண்டு ஆறுதல்தான் சொல்ல முடியும். உங்கள் காகிதங்களை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் மாத்திரை. பணத்தைப் பிறகு பார்ப்போம்.

சம்மரியில் டைகாக்ரெலார் 90 என்று எழுதியிருக்கிறது, காலை ஒன்று, இரவு ஒன்று. உங்கள் கணவர் மிச்சம் பிடிப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன், பட்டியலில் விலை கூடியது அதுதான். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் புதிதாக வைத்த உலோக வலை. உள்சுவர் அதன்மேல் படர்ந்து மூடும் வரை ரத்தம் அங்கே உறையப் பார்க்கும். உறைந்தால் ஸ்டென்ட் அப்படியே அடைத்துக்கொள்ளும். அதுவும் ஒரு மாரடைப்புதான், முதலில் வந்ததைவிட மோசமாகவும் இருக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு இந்த மாத்திரையையும் சேர்த்து, வழக்கமாக ஒரு வருடம் வரை கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு, மாத்திரையின் பிடி சில மணி நேரத்தில் தளர ஆரம்பித்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் பாதி மாத்திரை வேலை செய்கிறது என்று கணக்குப் போடக்கூடாது. போடாத நாளில் அந்த வலைக்குக் காவல் இல்லை, அவ்வளவுதான்.

இன்று இரவிலிருந்தே இரண்டு வேளையும் போடட்டும். இடையில் விட்டுப் போட்ட விஷயத்தை நாளை காலையிலேயே டாக்டருக்கு போன் செய்து மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விலை தாங்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடமே சொல்லுங்கள். இதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சிலருக்கு க்ளோபிடோக்ரலுக்கு மாற்றித் தருவார்கள், அது இன்னும் மலிவு. ஆனால் மாற்றுவது டாக்டர் வேலை, மெடிக்கல் ஷாப்காரர் வேலை இல்லை. பட்டியலில் இருக்கும் மற்ற மாத்திரைகளான அடோர்வாஸ்டாடின், மெட்டோபுரோலால், பேன்டோபிரசோல் இவையெல்லாம் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் வெளிக்கடையைவிட நன்றாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது, மொத்தத்தையும் காசில்லாமல் வாங்கும் வழி. அது உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது.

வருமானத்தைக் காட்ட அந்தச் சீட்டை அனுப்பியிருக்கிறீர்கள். பிடித்தம் பகுதியில் பிஎஃபுக்குக் கீழே ஒரு வரி: இ.எஸ்.ஐ. 105.00. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் அது. கடிதத்தில் எங்குமே இ.எஸ்.ஐ. என்ற சொல் இல்லை. பத்தொன்பது வருடம் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக உட்கார்ந்தவள் நான். என் மேசைக்கு எதிரே எத்தனை பேர் கைக்குட்டையில் முடிந்த நகையோடு வந்து நின்றார்கள், அவர்களில் எத்தனை பேர் பையில் இதே மாதிரி ஒரு சம்பளச் சீட்டு மடங்கிக் கிடந்தது என்று நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. நான் இருந்த இடத்தில் பில்லிங் கவுன்டரில் "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?" என்று கேட்பார்கள். "இ.எஸ்.ஐ. இருக்கா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் முதல் சில வருடம் கேட்டதில்லை.

மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, 2017 ஜனவரியிலிருந்து இதுதான் வரம்பு. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள், 14,000-க்கு 105. கம்பெனி தன் பங்காக மூன்றேகால் சதவீதம் போடுகிறது, அது 455. ஆக உங்கள் பெயரில் மாதம் 560 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு ஈடாக உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் கணவருக்கும் மணமாகாத மகளுக்கும் மருத்துவம் உண்டு. காய்ச்சல் மாத்திரைக்கும் லீவு சர்டிபிகேட்டுக்கும் போகிற இடம் என்றுதான் திருப்பூரில் பலரும் இ.எஸ்.ஐ.யை நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 1955-இல் கோவையில்தான் ஆரம்பித்தது. அப்போது மில்லில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சீட்டை வைத்துக்கொண்டு வட்டிக்கு வாங்குகிறார்கள்.

ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ், டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை எல்லாம் இதில் அடங்கும். வழி இதுதான். உங்கள் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணை கம்பெனி ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். பிடித்த பணத்தைக் கம்பெனி ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, அந்த எண்ணில் கணவர் பெயரும் மகள் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்தபோது அவசரத்தில் உங்கள் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஆதாரைக் கொடுத்துச் சேருங்கள். கார்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குக் கணவரோடு போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ ரிப்போர்ட், அதன் சிடி மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உங்கள் பக்கத்துக்குச் சிங்காநல்லூரில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் பெரியது. அங்கே செய்ய முடியாததை, ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பில்லை இ.எஸ்.ஐ. நேராகக் கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரெஃபரல் கடிதம் முதலில், அட்மிஷன் அப்புறம். "முதலில் சேர்ந்துவிடுங்கள், கடிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அலைச்சல் இருக்கும். இரண்டு மூன்று நாள் வேலை கெடும். வரிசையில் நிற்க வேண்டும், ஒரு கையெழுத்துக்கு "நாளைக்கு வாங்க" என்பார்கள். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இனி வைக்க வேண்டிய ஸ்டென்ட், முதல் முறை போல நள்ளிரவு அவசரம் அல்ல. ஆறு வாரம் என்று டாக்டரே நாள் கொடுத்திருக்கிறார், இன்னும் ஏறத்தாழ மூன்றரை வாரம் இருக்கிறது. அலைவதற்கு அது போதும். நடுவில் மறுபடி நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், காரணமில்லாத வியர்வை என்று வந்தால் இந்தக் கணக்கெல்லாம் ரத்து, 108-க்கு அடித்துவிட வேண்டியதுதான்.

மாத மாத்திரையும் இதே மருந்தகத்தில் வாங்கலாம், காசு கிடையாது. முதல்முறை கட்டிய பணத்துக்கும் அங்கேயே ஒரு விண்ணப்பம் போடுங்கள். அவசரத்தில் வெளியே செய்துகொண்ட சிகிச்சைக்கு, இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதியைக் கோரலாம். மத்திய அரசின் சிஜிஹெச்எஸ் விகிதத்தில்தான் கணக்குப் போடுவார்கள் என்பதால் நீங்கள் கட்டியதைவிடக் குறைவாகவே வரும். வந்தவரைக்கும் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதை நம்பி யாரிடமும் தவணை சொல்லாதீர்கள்.

இனி அந்த 1,69,000. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இதில்தான்.

உங்கள் பாலிசி 3 லட்சம். அறை வாடகைக்கு உச்சவரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000. ஐசியூவுக்கு இரண்டு சதவீதம், 6,000. பாலிசி விற்ற ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இதய நோயாளிகளுக்கான ஐசியூவான சிசியூவிலிருந்து அறைக்கு மாற்றியபோது, ஏசி அறை 6,000 என்றதற்குச் சரி என்றிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கூடுதல் வாடகை மூன்று நாளைக்கு 9,000 தானே, அதை நாம் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் விஷயம். பாலிசி அனுமதிக்கும் வாடகையைப் போல இரண்டு மடங்கு அறையில் இருந்தால், அறையின் தரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் மற்ற கட்டணங்களையும் இன்சூரன்ஸ் கம்பெனி பாதியாக வெட்டும். டாக்டர் ஃபீஸ், நர்சிங், ஆஞ்சியோ செய்யும் அறையான கேத்லேப்பின் கட்டணம் எல்லாம் இதில் வரும். இதை விகிதாச்சாரக் கழிவு என்பார்கள். கேட்க அநியாயமாக இருக்கிறது, ஆனால் பாலிசியில் எழுதியிருந்தால் அது செல்லும்.

அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் இதை வரையறுத்தது. மருந்துக்கும் நுகர்பொருளுக்கும், உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்ற கருவிக்கும், பரிசோதனைக்கும் இந்தக் கழிவைப் போடக்கூடாது. ஐசியூ கட்டணத்துக்கும் போடக்கூடாது. நியாயம்தானே, பொது வார்டில் படுத்தாலும் ஏசி அறையில் படுத்தாலும் ஸ்டென்ட் விலை ஒன்றுதான்.

உங்கள் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நானும் எடுத்து வைத்திருக்கிறேன். சிசியூ இரண்டு நாள் 18,000. அறை மூன்று நாள் 18,000. டாக்டர், கேத்லேப், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,40,000. ஸ்டென்ட் இரண்டும் 76,000. மருந்தும் நுகர்பொருளும் 62,000. பரிசோதனைகள் 26,000. மொத்தம் 3,40,000. சரி. இன்சூரன்ஸ் கம்பெனி சிசியூவுக்கு 12,000, அறைக்கு 9,000 கொடுத்திருக்கிறது, வரம்புப்படி அது சரிதான். 1,40,000-ஐப் பாதியாக்கி 70,000 கொடுத்திருக்கிறது, அதையும் விட்டுவிடுவோம். மருந்தில் கையுறை, டயப்பர் மாதிரி பாலிசியில் சேராதவை என்று 8,000 கழித்திருக்கிறார்கள். போகட்டும், மீதி 54,000. ஆனால் அந்த 54,000-ஐயும் பாதியாக்கி 27,000. ஸ்டென்ட் 76,000-ஐப் பாதியாக்கி 38,000. பரிசோதனை 26,000-ஐப் பாதியாக்கி 13,000. தொடக்கூடாத மூன்று தலைப்பையும் தொட்டிருக்கிறார்கள். 27, 38, 13. கூட்டினால் 78,000 ரூபாய். உங்களுக்கு வந்திருக்க வேண்டியது 2,47,000.

இது தெரிந்து செய்ததா, கம்ப்யூட்டரில் யாரோ ஒரு கட்டத்தைத் தப்பாக அழுத்தியதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அது தேவையில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, பாலிசி எண்ணும் கிளைம் எண்ணும் போட்டு, ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். கஷ்டத்தை எழுத வேண்டாம், கணக்கை மட்டும் எழுதுங்கள். பாலிசிப் புத்தகத்தில், எந்தக் கட்டணங்களுக்கு இந்தக் கழிவைப் போடலாம் என்று சொல்லும் 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' என்ற விளக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு, நகலையும் இணையுங்கள். இமெயிலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஐஆர்டிஏஐயின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன், கணக்கு அவ்வளவு பச்சையாகத் தப்பாக இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று பத்து மணி நேரம் காக்க வைத்தது பற்றி: 2024 மே மாதத்து ஐஆர்டிஏஐ உத்தரவுப்படி, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஏறும் கூடுதல் கட்டணத்தை அவர்களே ஏற்க வேண்டும். உங்கள் பில்லில் கூடுதல் நாள் எதுவும் போடவில்லை, அதனால் இதை விட்டுவிடலாம். மருத்துவமனை மீதும் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. ஸ்டென்ட் ஒன்று 38,000 என்று பெயரும் பேட்ச் எண்ணும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. அப்போது மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600, பிறகு கொஞ்சம் இறங்கி, ஏறி நாற்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. அதற்குள்தான் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு ஒரு ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல் கட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாலிசியில் இன்னும் ஒன்று பாருங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு இத்தனை நாள் வரை ஆகும் மருந்து, ரிவியூ, எக்கோ செலவுகளையும் தருவதாகப் பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். 60 நாள் என்பது வழக்கம். மெடிக்கல் பில்களைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பிரீமியம் கட்டும் தேதியை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். கிளைம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆனால் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், இதய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

இப்போது கடன். மூன்று வட்டி என்றால் மாதம் 3,000, வருடம் 36,000. அசலில் ஒரு ரூபாய் குறையாது. இது உங்கள் இரண்டரை மாதச் சம்பளம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஐந்து பவுனைப் பீரோவில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. மகளின் கல்யாண நகை என்பதால் கை வராது, எனக்குப் புரிகிறது. விற்கச் சொல்லவில்லை. இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுனை வங்கியில் வைத்தாலே ஒரு லட்சம் கிடைக்கும், ஐந்தையும் எடுத்துப்போகத் தேவையில்லை. வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் நகைக்கடன் வட்டி வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம் என்கிற அளவில் இருக்கும். மாதம் 800 ரூபாய்ச் சுமார். அடகுக் கடைக்குப் போகாதீர்கள், வங்கிக்கே போங்கள். மாதா மாதம் 2,200 மிச்சமாகும். 78,000 வந்ததும் அதோடு மீதியைச் சேர்த்துக் கட்டி நகையை மீட்கலாம்.

அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்கும்போது புரோநோட்டில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், வெற்று செக்கும் கொடுத்திருக்கலாம். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு "நோட்டு வீட்ல இருக்கு, அப்புறம் வாங்கிக்கலாம்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். நோட்டும் செக்கும் கைக்கு வந்த பிறகுதான் பணம் மேசைக்குப் போக வேண்டும். மிரட்டல் மாதிரி ஏதாவது வந்தால், கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்து மாநிலத்தில் தனிச் சட்டமே இருக்கிறது.

இடத்தை விற்க வேண்டாம். அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் வீட்டில் ஆள் படுத்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்த நேரத்தில் விலை பேசினால், வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. பிஎஃபும் வேண்டாம். குடும்பத்தில் ஒருவரின் மருத்துவத்துக்கு முன்பணம் எடுக்க அதில் வழி இருக்கிறது, ஆனால் அடுத்த ஸ்டென்ட் இ.எஸ்.ஐ.யில் நடந்துவிட்டால் எதற்காக எடுக்கப் போகிறீர்கள்?

வண்டித் தவணைக்கு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நீங்களே முந்திக்கொண்டு போங்கள். ஒரு தவணை தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, இரண்டு மூன்று மாதம் தவணையைத் தள்ளிவைக்கவோ காலத்தை நீட்டவோ எழுத்தில் கேளுங்கள். கடன் வாங்கியபோது லோன் இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருந்தால் அந்தக் காகிதத்தையும் தேடுங்கள். சிலவற்றில் முதல் மாரடைப்புக்கே பணம் தருவதாக இருக்கும். மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறதா என்று காலேஜில் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக நடுவில் ஒன்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், கலெக்டர் ஆபீசில் இருக்கும் பதிவு மையம், அவ்வளவுதான். விசாரிக்க 1800 425 3993. விபத்து என்றால் வருமானமே பார்க்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. உங்களுக்கு, சகோதரி, சம்பளம் மட்டுமே அந்த வரம்பைத் தாண்டுகிறது. குறைத்து எழுதி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம், உங்களிடம் இ.எஸ்.ஐ. இருக்கும்போது அது தேவையும் இல்லை.

கடைசியாகக் கேட்டதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. அன்று இரவு நீங்கள் செய்தது தப்பில்லை. மாரடைப்பில் அடைபட்ட குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. சம்மரியில் எக்கோ அளவைப் பாருங்கள், இ.எஃப். 52 சதவீதம் என்று இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு அது. நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று விடியும் வரை பார்த்திருந்தவர்களுக்கு 30, 35 என்று வந்ததையும் பார்த்திருக்கிறேன். கொண்டுபோன வேகத்துக்குக் கிடைத்தது அந்த 52. அரசு மருத்துவமனையில் செலவு மிச்சமாகியிருக்கும், உண்மைதான். மூச்சு முட்டுகிற மனிதரை மடியில் போட்டுக்கொண்டு அதை ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியாது. அடுத்த முறைக்கு, யாருக்காக இருந்தாலும், 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மருத்துவமனையில் கேத்லேப் இரவிலும் திறந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால், 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023-லிருந்து முதலுதவி மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்.

உங்கள் கணவர் மாத்திரையை மறைத்தது பணத்துக்காக மட்டும் இருக்காது. சம்பாதிக்கிற மனிதர் ஐந்து நாளில் வீட்டுக்கே கடன்காரர் ஆகிவிட்டோமே என்று குறுகிப் போயிருப்பார். மாரடைப்புக்குப் பிறகு இப்படி மனம் சோர்வது மிகவும் சாதாரணம், ரிவியூவில் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். வீட்டில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த 78,000 கணக்கை அவரையே எழுதச் சொல்லுங்கள். லோடு வாடகை, டீசல், ஏற்றுக்கூலி என்று தினமும் கணக்குப் பார்த்த கை அது, உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாக எழுதுவார். வண்டி எப்போது எடுக்கலாம் என்று கண்டிப்பாகக் கேட்பார். ஓட்டுவதை டாக்டர் சொல்லும் நாளில் தொடங்கட்டும். பேல் தூக்குவது மட்டும் இனி லோடுமேன் வேலை.

இன்சூரன்ஸுக்கு எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் திங்கட்கிழமை போவதாக இருந்தால் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், அன்று கூட்டம் அதிகம். கணவருக்குக் காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.